காலிக் கட்டத்துக்கும் ஒரு முறுக்கு

சிரிங்க, சிரிங்க. காலையில நீங்க புரூஃப் வாசிக்கும்போது கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒருத்தி சத்தம் போட்டு வாசிக்கா, இன்னொருத்தன் மூலத்தப் பாத்து 'சரி, சரி'ங்கான். டேபிள்ல ஒண்ணும் எழுதாத கட்டம் வந்தா 'எடம் இருக்கு'ன்னு சொல்லணும்னு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ. அவ அதச் சொன்ன ஒடனே அந்தக் கோடியில இருந்து ஒருத்தன், 'திருச்செந்தூர், திருச்செந்தூர், எடம் இருக்கு, ஏறு, ஏறு'ங்கான். ஏலே, ஒன்னயத்தான். கொரலு நல்லாருக்கு. மினி பஸ்ஸுல ஆளு எடுத்தா சொல்லி விடுதேன்.

அது ஏன் அப்படிச் சொல்லுதோம்னு ஒங்களுக்கு யாரும் சொல்லல. அதச் சொல்லத்தான் என்னயக் கூப்பிட்டிருக்காவ. இல்லன்னா வேலய விட்டுட்டு வீட்டுல சாளை மீனு ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கவளுக்கு இந்த ஏசி ரூமுல என்ன சோலி?

கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுத வேலய நான் ஒங்களுக்குச் சொல்லித் தரப் போறதில்ல. நான் அஞ்சாப்பு. நீங்கள்லாம் காலேஜ் முடிச்சவுக. எனக்கு இங்கிலீசு எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு உருவம், அவ்வளவுதான். ஒண்ணு கொக்கி, ஒண்ணு ஏணி, ஒண்ணு வாயப் பொளந்த மீனு. அப்படிப் பாத்துத்தான் இம்புட்டு வருசம் தள்ளினேன்.

நம்ம வேலையில கட்டத்த நம்ம வரையுறதில்ல. குறி போட்டுச் சொல்லுதோம், மெசின் வரையுது. 'இந்தக் கட்டம் முடிஞ்சுது, அடுத்த கட்டத்துக்குப் போ'ன்னு சொல்லுததுக்கு ஒரு வளைஞ்ச குறி இருக்குல்லா, அதுக்கு இங்கன முறுக்குன்னு பேரு. நான் வச்ச பேரு இல்ல. எனக்கு முன்னால இருந்த போர்மேன் வச்சது. ரெண்டு சுத்துச் சுத்தி வாலு நீட்டிக்கிட்டு இருக்கும், பாத்தா அப்படியே மணப்பாடு திருவிழாக் கடையில விக்குத முறுக்குதான். எவளாவது ஒண்ண விட்டுட்டா, 'ஏ மூதி, முறுக்க முழுங்கிட்டியா'ம்பாரு. புதுசா வந்தவ வாயத் தொடச்சுக்கிடுவா. பாவம், டிபன் தின்னதக் கண்டுபிடிச்சுட்டாருன்னு நெனைப்பா.

முறுக்கு கூடிப் போச்சுன்னா மெசின் கத்தும். அந்த வரியச் சொல்லி, எடத்தச் சொல்லித் திட்டும். கொறஞ்சு போச்சுன்னா கத்தாது. ஒரு வார்த்த பேசாது. பின்னால இருக்கதெல்லாம் ஒரு கட்டம் முன்னால நகந்து ஒக்காந்துக்கிடும். பாக்க லெச்சணமா இருக்கும். கோடு நேரா இருக்கும், எழுத்து நேரா இருக்கும். அவ்வளவும் பொய்யா இருக்கும்.

ஒரு தடவ மருந்துப் பொஸ்தகம் ஒண்ணு வந்துது. மருந்து பேரு, சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு, பெரியவுகளுக்கு எவ்வளவு, இப்படி டேபிள். ஒரு மருந்துக்குப் பிள்ளைக கட்டம் காலி. குடுக்கக்கூடாதுங்கதுனால காலி. அடிச்சவன், எழுத ஒண்ணும் இல்லியேன்னு முறுக்கையும் போடல. பெரியவுக அளவு நகந்து வந்து பிள்ளைக கட்டத்துல ஒக்காந்துட்டு. மெசின் சத்தமே இல்ல. போர்மேன் தற்செயலாப் பாத்தாரு. எதுக்கெடுத்தாலும் கத்துத மனுசன் அன்னைக்குக் கத்தல. நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்து அந்தத் தாளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பெறவு எங்களக் கூப்பிட்டு, 'மெசின் கத்துனா பயப்படாதிய. கத்தாட்டி பயப்படுங்க'ன்னாரு.

அன்னையில இருந்து மூணு வழக்கம் வந்துது. எந்த டேபிளா இருந்தாலும் ஒருத்தர் சத்தமா வாசிக்கணும், ஒருத்தர் மூலத்தப் பாக்கணும். காலிக் கட்டம் வந்தா சும்மா தாண்டக்கூடாது, 'காலி'ன்னு வாயத் தொறந்து சொல்லணும். வாசிச்சு முடியுததுக்கு முன்னால ஒரு தாளு கூட வெளி ஆளு கையில போகக்கூடாது.

கேட்டியளா, அப்ப 'காலி'ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தோம். 'எடம் இருக்கு' பின்னால வந்தது. அந்தக் கதைதான் இது.

போர்மேன் போனப்புறம் டேபிள் வேல முழுக்க என் தலையில விழுந்துது. அந்த வருசம் கடற்கரையில ஒரு ஊரு, ஆலந்தலைக்குத் தெக்க, பேரு வேண்டாம், அங்க இருந்து கோயில் பொஸ்தகம் ஒண்ணு வந்துது. அந்த ஊருல கடலுக்குப் போய்த் திரும்பாதவுக பேரெல்லாம் சேத்து ஒரு நினைவுப் பொஸ்தகம். கல்லறைத் திருநாள் பூசையில அதப் பாத்துத்தான் பேரு வாசிக்கணும். வெளிநாட்டுக் கணக்குப் பொஸ்தகம் பண்ணுத ஆபீசுக்கு அது எப்படி வந்துதுன்னா, கோயில் கமிட்டிச் செயலாளருக்கு நம்ம மொதலாளி பழக்கம். நல்ல மனுசன் அந்தச் செயலாளரு. வெள்ள வேட்டி, மெதுவாப் பேசுவாரு, எங்களயெல்லாம் 'தாயி, தாயி'ம்பாரு.

டேபிள்ல நாலு பத்தி. பேரு. வள்ளம். அடக்கம் ஆன எடம். நினைவு கூர்பவர்.

ஒடலு கெடச்சவுகளுக்கு ஊருக் கல்லறைன்னு இருக்கும். கெடைக்காதவுகளுக்குச் செயலாளரு 'கடல்'னு எழுதிக் குடுத்திருந்தாரு. வரிசையா வருது, கடல், கடல், கடல்னு. அடிச்ச பிள்ளைகளுக்கே கையி கனத்துப் போச்சு. ஒரே ஒரு வரியில மட்டும் அந்த எடத்துல ஒண்ணும் எழுதல.

அமலதாஸ்னு ஒரு ஆளு. புயல் காத்து நேரத்துல கடலுக்குப் போனவரு. கூடப் போன ரெண்டு பேரு வேற வள்ளத்துல ஏறித் தப்பிச்சு வந்துட்டாவ. வள்ளமும் வரல, இவரும் வரல. அவரு அம்மா செயலாளர்ட்டப் போய், 'எம்புள்ள பேரயும் சேருங்க, எல்லா ஆத்துமாவுக்கும் பூசை நடக்கும்போது அவனுக்கு மட்டும் இல்லாமப் போகக்கூடாது'ன்னு குடுத்திருக்கா. அவரு சம்சாரம் பிலோமினா ஓடி வந்து, 'அவரு செத்ததா யாரு பாத்தது, பேரு போடக்கூடாது'ன்னு நின்னிருக்கா. மாமியாளும் மருமவளும் ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல பொங்கித் திங்கவ, இது ஒண்ணுக்காகப் பேச்சே இல்லாமப் போச்சாம். கடைசியில பிலோமி எறங்கி வந்து, 'பேரு இருக்கட்டும். அடக்கம்ங்கதுல ஒண்ணும் எழுதக்கூடாது. அச்சுல ஏறுததுக்கு முன்னால எங்கண்ணால பாக்கணும்'ன்னிருக்கா.

அப்படித்தான் மாமியா, மருமவ, செயலாளருன்னு மூணு பேரும் ஆபீசுக்கு வந்தாவ. மத்தியானம் வாங்கன்னு சொல்லியிருந்தோம். அவுக காலம்பறயே மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டாவ. பக்கத்த அன்னைக்கே அச்சுக்கு அனுப்பியாகணும், திருநாளு கிட்டத்துல வந்துட்டு.

நான் உள்ள மொதலாளி ரூமுல இருந்தேன். வெளிய அந்த டேபிள அடிச்ச பிள்ள மட்டும்தான் இருந்தா. அப்ப புதுசு. அவ யாருன்னு சொல்ல மாட்டேன். இப்ப ஒங்களுக்கெல்லாம் தலைவியா ஆயிட்டா, அந்தா பீரோ பக்கத்துல நின்னு நகத்தப் பாத்துக்கிட்டு இருக்கா, அதனால சொல்ல மாட்டேன். அவளுக்கு எரக்க கொணம். தூரத்துல இருந்து வந்திருக்காவளேன்னு, அடிச்ச பக்கத்த அப்படியே தாள்ல எடுத்து அவுக கையில குடுத்துட்டா. இன்னும் வாசிக்காத பக்கம்.

நான் வெளிய வரும்போது மூணு பேரும் பெஞ்சியில இருக்காவ. பிலோமி தாள மடியில விரிச்சு, ஒவ்வொரு எழுத்தா வெரல வச்சு வாசிக்கா. மாமியாளுக்கு வாசிக்கத் தெரியாது. ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லேல்லா, அதனால மாமியா சொவத்தப் பாத்துக் கேக்கா, 'என்ன போட்டிருக்காம்?'

பிலோமி வாசிக்கா. 'அமலதாஸ். வள்ளம், ஆரோக்கிய மாதா. அடக்கம் ஆன எடம்...'

அதோட நின்னுட்டா. பெறவு வாசிச்சா. 'பிலோமினா.'

ஒங்களுக்குப் புரிஞ்சுதா? காலிக் கட்டத்துக்கு முறுக்கு போடல. கடைசிக் கட்டத்துல, நினைவு கூர்பவர்ங்கதுல இருக்க வேண்டிய பேரு, ஒரு கட்டம் நகந்து அடக்கத்துல வந்து ஒக்காந்துட்டு.

மாமியா எந்திச்சு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. 'ஏ பாவிகளா! உயிரோட இருக்கவளப் போட்டுப் பொதச்சிட்டியளே! எம்புள்ளயத்தான் காணோம், இவளயுமா?' அதுவரைக்கும் மருமவ மொகத்தப் பாக்காதவ, அவ தலைய இழுத்து வயித்தோட அணைச்சுக்கிட்டா.

பிலோமி அழல. அணைப்புக்குள்ள இருந்தே சொல்லுதா, 'தப்பு ஒண்ணும் இல்ல மாமி. அவரு போனதுல இருந்து நான் அங்கனதான கெடக்கேன்.'

அந்தப் பிள்ள, நம்ம தலைவி, மேசையப் புடிச்சுக்கிட்டு நிக்கா. செயலாளரு தாள வாங்கிப் பாத்தாரு. அவரு கோவப்படல, அதான் கஷ்டமாருந்துது. 'பாத்தியளா தாயி, இதுக்குத்தான் ஊருலயே சொன்னேன்'ங்காரு. 'ஒரு எடத்த மட்டும் வெறுமனே விட்டா இப்படித்தான் ஆகும். எல்லாருக்கும் இருக்கது மாதிரி கடல்னு போட்டுருவோம். இல்லாட்டி ஒரு கோடாவது இழுத்து விடுங்க. வெறுமனே கெடந்தா அச்சுல விட்டுப் போச்சும்பாவ. மத்த வீட்டுக்காரங்க, அவுகளுக்கு மட்டும் என்னன்னு கேப்பாவ. எங்க அண்ணனும் அந்தப் பக்கத்துலதான் இருக்கான். அவனுக்கே கடல்னுதான் எங்கையால எழுதினேன்.'

'ஒங்க அண்ணன நீங்க எழுதுங்க'ன்னா பிலோமி. 'கடலுன்னு எழுத நான் பாக்கல. கோடு போட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதுக்கு இந்தப் பேரயே எடுத்துருங்க.'

'எடுக்காத!' மாமியா. 'பேர எடுத்தா எம்புள்ளைக்கு யாரு வேண்டுவா?'

மூணு பேரும் என்னயப் பாக்காவ. பிள்ளயும் பாக்கா.

இங்கனதான் நீங்க கவனிக்கணும். எனக்கு அப்ப முந்திக்கிட்டு வந்த புத்தி என்ன தெரியுமா? செயலாளரு சொல்லுதது சரின்னுதான். வெளிநாட்டுப் பொஸ்தகத்துலயும் அப்படித்தான் பண்ணுதோம், தகவல் இல்லேன்னா ஒரு சின்னக் கோடு. அழகா இருக்கும், யாரும் கேள்வி கேக்க மாட்டாவ. பக்கம் மத்தியானத்துல போயிரும். மூணு எழுத்து, இல்ல ஒரு கோடு. முடிஞ்சுது சோலி.

ஆனா போர்மேன் அன்னைக்கு நாற்காலியில ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்த தாளு ஞாபகத்துக்கு வந்துது. காலியா விட்டவரு ஒரு காரணத்தோட விட்டிருக்காரு. நமக்கு அழகா இல்லங்கதுக்காக அத நெரப்ப நம்ம யாரு? கோடும் ஒரு பதில்தான். பதிலு தெரியாத வீட்டுக்கு அச்சாபீசுல இருந்து பதிலு அனுப்பலாமா?

செயலாளர்ட்டச் சொன்னேன். 'அண்ணாச்சி, மூலத்துல நீங்க ஒண்ணும் எழுதல. அதனால நாங்களும் ஒண்ணும் எழுதக்கூடாது. இந்தத் தப்பு காலியா விட்டதுனால வந்ததில்ல. காலிக்கு எடம் வைக்காததுனால வந்தது. ஒருத்தர் வரலேங்கதுக்காக நாற்காலியத் தூக்கிட்டா, அடுத்த ஆளு வந்து அங்கனதான ஒக்காருவாவ.'

'விட்டுப் போச்சும்பாவளே தாயி.'

'விட்டுப் போனது மாதிரித் தெரியாமப் பண்ணுதேன்.'

பிள்ளயக் கூப்பிட்டேன். 'ஏளா, மொதல்ல முறுக்கு. காலிக் கட்டத்துக்கும் ஒரு முறுக்கு. பெறவு அந்த வரிய மட்டும் ஒசரம் கூட்டு.' 'எவ்வளவுக்கா?'ன்னா. 'வந்தா அந்த ஆளே பேனாவால எழுதுத அளவுக்கு'ன்னேன்.

ஒரு குறி போட ரெண்டு தடவ அழிச்சா. மெசின் ஓடுச்சு. தாளு வந்துது. பேரு, பேரு கட்டத்துல. வள்ளம், வள்ளத்துல. பிலோமினா கடைசிக் கட்டத்துக்குப் போயிட்டா. நடுவுல வெள்ளையா ஒரு எடம், மத்த வரியவிட ஒசரமா. விட்டுப் போனதுன்னு யாரும் சொல்ல முடியாது. வேணும்னே வச்ச எடம்.

தாள அவுக கையில குடுக்குததுக்கு முன்னால வாசிக்கணும்லா. பிள்ள காதுகிட்ட வந்து, 'யக்கா, இவுக முன்னாலயா? அந்த வரிய மட்டும் மனசுக்குள்ள வாசிச்சுக்கிடட்டுமா?'ன்னா. 'வாசிக்காமக் குடுத்ததுலதான் இவ்வளவும் ஆச்சு. சத்தமா வாசி'ன்னேன். பெரிய இவ மாதிரிச் சொல்லிட்டேன். பெறவுதான் ஒறைச்சுது. அந்தக் கட்டத்துல என்ன சொல்லணும்? 'காலி'ன்னு சொல்லணும்.

நம்ம ஊருல 'ஆளு காலி'ன்னா என்ன அர்த்தம்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா? பொண்டாட்டியும் பெத்தவளும் முன்னால ஒக்காந்திருக்காவ. அமலதாஸ், ஆரோக்கிய மாதா, காலி.

பிள்ள மேல இருந்து வாசிச்சுக்கிட்டே வாரா. நான் மூலத்தப் பாத்து 'சரி, சரி'ங்கேன். செயலாளரு அண்ணன் பேரு வந்துது. 'கடல்'ன்னா. 'சரி'ன்னேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பெறவு இந்த வரி. 'அமலதாஸ்.' 'சரி.' 'ஆரோக்கிய மாதா.' 'சரி.'

அவ நிறுத்திட்டா. என்னயப் பாக்கா. தாண்டச் சொல்லவும் வாய் வரல, சொல்லச் சொல்லவும் வாய் வரல. தாண்டிருன்னு கண்ணக் காட்டலாமான்னு நெனச்சேன். காட்டியிருப்பேன்.

அப்ப மாமியா, பாவம், அவளுக்கு நாங்க பண்ணுத வேல ஒண்ணும் தெரியாது, மருமவகிட்டக் கேக்கா. இந்தத் தடவ மொகத்தப் பாத்தே கேக்கா. 'என்னளா நின்னுட்டா? அங்கன என்ன இருக்கு?'

பிலோமி எந்திச்சு வந்து, பிள்ள கையில இருந்த தாள எட்டிப் பாத்தா. அந்த வெள்ளையில வெரல வச்சா. 'ஒண்ணும் எழுதல மாமி'ன்னா. 'எடம் இருக்கு.'

'இருக்குல்லா?'

'இருக்கு.'

'பேரும் இருக்குல்லா?'

'பேரும் இருக்கு மாமி.'

'அப்பச் சரி'ன்னு கெழவி ஒக்காந்துட்டா.

நம்ம பிள்ள வாசிச்சா, 'எடம் இருக்கு.' நான் 'சரி'ன்னேன். 'நினைவு கூர்பவர், பிலோமினா.' 'சரி.'

மத்தியானம் பக்கம் போச்சு. பொதச்ச மாதிரி வந்த அந்தத் தப்புத் தாள நான் நாலாக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். பிலோமி பாத்துக்கிட்டே இருந்தா. போகும்போது மாமியா அவ கையப் புடிச்சுக்கிட்டு படி எறங்கினா. பஸ் ஸ்டாண்டுக்குப் போகுத வழியில மக்ரூன் வாங்கித் தாரேன்னு மாமியா சொல்லுதது கேட்டுது. தூத்துக்குடிக்கு வந்துட்டு மக்ரூன் வாங்காமப் போனா ஊருல சேத்துக்கிட மாட்டாவல்லா.

மறுநாள்ல இருந்து எந்த டேபிள் வந்தாலும், மருந்தோ கணக்கோ எதுவானாலும், இந்தப் பிள்ள காலிக் கட்டத்துக்கு 'எடம் இருக்கு'ன்னுதான் வாசிச்சா. நான் திருத்தல. அப்படியே ஒட்டிக்கிட்டு. ஒங்க வரைக்கும் வந்துட்டு.

அமலதாஸ் வந்துட்டாரான்னு கேப்பிய. மொகத்துலயே தெரியுது. வரல. இன்னும் வரல.

ஆனா இன்னொண்ணு சொல்லணும். அந்தப் பொஸ்தகம் தீந்து போயி, மறுபடி அடிக்கக் குடுத்தாவ. செயலாளரே கொண்டு வந்தாரு. நான் வேலயில இருந்த கடைசிக் காலம் அது. புதுசாச் சேந்த பேரு, எழுத்துப்பிழை, எல்லாத்தயும் செவப்பு மையில திருத்திக் குடுத்திருந்தாரு. பெஞ்சியில ஒக்காந்தாரு.

இவதான் வாசிச்சா. நான் மூலத்தப் பாத்தேன். அவரு அண்ணன் வரி வந்துது. பேரு. சரி. வள்ளம். சரி. அடுத்த கட்டத்துல, அவரு கையால எழுதிக் குடுத்த 'கடல்' இருக்குல்லா, அதச் செவப்பு மையில குறுக்க அடிச்சிருந்தாரு. பக்கத்துல வேற ஒண்ணும் எழுதல.

பிள்ள நிமிந்து அவரப் பாத்தா. அவரு சன்னலப் பாத்துக்கிட்டு இருக்காரு. அங்க ஹார்பர் கிரேன் தலையத் தவிர ஒண்ணும் தெரியாது.

'எடம் இருக்கு'ன்னு வாசிச்சா.

'சரி'ன்னேன்.

அவரு திரும்பாமலே சொன்னாரு, 'அந்த வரிக்கும் கொஞ்சம் ஒசரம் கூட்டுங்க தாயி. எங்க அண்ணனுக்கு எழுத்து பெருசு பெருசா இருக்கும்.'

அவ்வளவுதான். டீ வந்துட்டு, ஆறுததுக்குள்ள குடிங்க. குடிச்சிட்டுக் காலையில விட்ட எடத்துல இருந்து வாசிங்க. ஏலே கண்டக்டரு, அடுத்த பக்கத்த நீ வாசி. அதுல ரெண்டு காலிக் கட்டம் வருது, நான் பாத்துட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் சரிதான். முழுங்காமச் சொல்லு.